அயல்நாட்டுக் கடலில் மீன்பிடி உரிமம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூரை மீன், செனகல், கச்சத்தீவு, சீனக் கப்பல் என்று எதைப் பற்றிப் பேச்செடுத்தாலும் கடைசியில் கேள்வி ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. ஒரு நாட்டுக் கப்பல் இன்னொரு நாட்டுக் கடலில் எந்தக் கணக்கில் வலை போடுகிறது? மீனவர் கூட்டங்களிலும் மாணவர்களிடமும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை, கேட்டவர்களின் வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், வில்லங்கமானவை பின்னால்.

1. கடல் எல்லாருக்கும் பொதுதானே? அதில் மீன் பிடிக்க யாருக்கு, எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. கரையை ஒட்டிய சில மைல்கள் மட்டும் அந்த நாட்டுக்கு, மிச்சமெல்லாம் பொது. இதை உடைத்ததில் ஐஸ்லாந்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1958-இல் 12 மைல், 1972-இல் 50 மைல், 1975-இல் 200 மைல் என்று தன் எல்லையைத் தள்ளிக்கொண்டே போனது. பிரிட்டிஷ் இழுவலைக் கப்பல்கள் போர்க்கப்பல் துணையோடு வந்தன. ஐஸ்லாந்தின் ரோந்துப் படகுகள் பின்னாலேயே போய் வலைக் கம்பிகளை அறுத்துவிட்டன. ராணுவ பலத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனாலும் 1976-இல் பிரிட்டன்தான் இறங்கி வந்தது. நேட்டோ கூட்டணிக்கு ஐஸ்லாந்தின் தளம் தேவைப்பட்டதும் ஒரு காரணம்.

1982-இல் கையெழுத்தாகி 1994-இல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தம் இந்த 200 கடல் மைலை எல்லா நாடுகளுக்கும் பொதுவாக்கியது. அதாவது சுமார் 370 கிலோமீட்டர். முதல் 12 மைல் நாட்டின் சொந்த எல்லை. அதற்கு அப்பால் 200 வரை உள்ள பகுதிக்குப் பிரத்யேகப் பொருளாதார மண்டலம் என்று பெயர். அங்கே யார் கப்பலும் கடந்து போகலாம். ஆனால் மீனும் எண்ணெயும் கரை நாட்டுக்குத்தான். கிரிபாட்டி என்ற பசிபிக் தீவு நாட்டைப் பாருங்கள். நிலம் மொத்தம் சுமார் 811 சதுர கிலோமீட்டர், சென்னை மாநகராட்சியைப் போல் இரண்டு மடங்குகூட வராது. கடலோ சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவின் நிலப்பரப்பைவிடப் பெரியது. ஜப்பான், ஸ்பெயின், கொரியா, அன்றைய சோவியத் யூனியன் என்று தூரக்கடலுக்குக் கப்பல் அனுப்பி வந்த நாடுகளெல்லாம் ஒரே நாளில் இன்னொருவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதாயிற்று.

2. தன் கடல்தானே, யாரும் வராதே என்று சொல்லிவிட்டால் முடிந்ததே? ஏன் கூப்பிட்டுக் கொடுக்கிறார்கள்?

சட்டத்திலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது. கடல் சட்ட ஒப்பந்தத்தின் 62-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், ஒரு நாடு தன் மண்டலத்தில் எவ்வளவு பிடித்தால் மீன்வளம் தாங்கும் என்று கணக்கிட வேண்டும், அதில் தன்னால் எவ்வளவு பிடிக்க முடியும் என்று பார்க்க வேண்டும், முடியாமல் மிஞ்சுவதை ஒப்பந்தம் போட்டு மற்ற நாடுகளுக்கு விட வேண்டும். ஆனால் யாருக்கு, என்ன விலைக்கு, என்ன நிபந்தனையில் என்பதெல்லாம் கரை நாட்டின் முடிவு. அதனால் சட்டத்துக்குப் பயந்து யாரும் கடலைத் திறந்துவிட்டதாக எனக்குத் தெரியவில்லை.

நிஜக் காரணம் காசு. ஆழ்கடலில் சூரைக் கூட்டத்தையே வலையால் வளைத்துச் சுருக்கிப் பிடிக்கும் பெரிய சுருக்குமடிக் கப்பலை வாங்கி, எண்ணெய் போட்டு, குளிர்பதனம் செய்து, பாங்காக்கில் உள்ள பதப்படுத்தும் ஆலைக்கு மீனை அனுப்பும் வசதி பல நாடுகளுக்கு இல்லை. கிரிபாட்டி அரசின் வருமானத்தில் 70 சதவீதத்துக்கு மேல் மீன்பிடி உரிமக் கட்டணத்தில் இருந்து வந்த ஆண்டுகள் உண்டு. அதில்தான் ஆசிரியர் சம்பளம், மருத்துவமனைச் செலவு எல்லாம். கதவைச் சாத்து என்று நாம் இங்கிருந்து சொல்வது சுலபம்.

3. அந்த 'மிச்சம்' எவ்வளவு என்று யார் எண்ணுகிறார்கள்? மீனை எண்ண முடியுமா?

சட்டப்படி கரை நாடுதான் எண்ண வேண்டும். ஆராய்ச்சிக் கப்பல், பிடித்த மீனின் பதிவு, மீனின் வயதுக் கணக்கு ஆகியவற்றை வைத்து அறிவியலாளர்கள் ஒரு மதிப்பீடு தருவார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ச்சிக்குப் பணம் குறைவு, பிடிப்புப் பதிவுகளில் ஓட்டை அதிகம். இதில் இன்னொரு சிக்கல், மீனுக்கு எல்லை தெரியாது. நம் சாளைக்கு உறவான சர்டினெல்லா மீன் மொராக்கோ, மொரித்தானியா, செனகல், காம்பியா என்று கரையோரமாகவே மேலும் கீழும் போய்வருகிறது. நான்கு நாடுகளும் தனித்தனியாக 'எங்களிடம் மிச்சம் இருக்கிறது' என்று உரிமம் விற்றால், விற்கப்படுவது ஒரே மீன்தான்.

எண்ணியபடி நடந்ததற்கும் உதாரணம் இருக்கிறது. மொரித்தானியாவில் பேய்க்கணவாய் வளம் குறைந்துபோன பிறகு, ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2012-இல் போட்ட உடன்பாட்டில் ஐரோப்பியக் கப்பல்களுக்கு அதில் பங்கு தரப்படவில்லை. உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கினார்கள். ஸ்பெயின் கப்பல்காரர்கள் கொதித்துப்போனார்கள். ஆனால் மிச்சம் இல்லை என்றால் இல்லைதான்.

4. எல்லா ஒப்பந்தமும் ஒரே மாதிரிதானா?

இல்லை. நான்கு வகை உண்டு. முதலாவது பண்டமாற்று. நார்வேயும் ரஷ்யாவும் 1970-களின் நடுவிலிருந்து பேரன்ட்ஸ் கடலின் காட் மீனை ஒரு கூட்டு ஆணையம் வைத்துப் பங்கு போட்டு, ஒருவர் கடலில் மற்றவரைப் பிடிக்க விடுகிறார்கள். பனிப்போரிலும் அது நின்றதில்லை, உக்ரைன் போர் தொடங்கிய பிறகும் ஆணையம் தொடர்ந்து கூடி ஒதுக்கீடு செய்கிறது. இரண்டாவது, அரசும் அரசும் போடும் பண ஒப்பந்தம். ஐரோப்பிய ஒன்றியம் ஆப்பிரிக்க நாடுகளோடு போடுவது இது. மூன்றாவது, கப்பல் நிறுவனமோ அவற்றின் சங்கமோ நேரடியாகக் கரை நாட்டில் உரிமம் வாங்குவது. ஜப்பான், கொரியா, தைவான், சீனக் கப்பல்கள் பெரும்பாலும் இந்த வழியில் வருபவை. நான்காவது, வெளிநாட்டுக் கப்பல் உள்ளூர்க் கொடியை மாட்டிக்கொள்வது. அதற்குத் தனிக் கேள்வி இருக்கிறது, 10-ஐப் பாருங்கள்.

5. பணத்தை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்? ஒரு நாட்டுக்கு அதிகம், இன்னொரு நாட்டுக்குக் குறைவு என்று ஏன்?

ஐரோப்பிய முறையில் பணம் இரண்டு பைகளில் இருந்து வருகிறது. கப்பல்காரர் டன் கணக்கில் ஒரு கட்டணம் கட்டுகிறார். அதற்கு மேல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுப்பணத்தில் இருந்து ஆண்டுதோறும் ஒரு தொகை போகிறது. அதில் ஒரு பகுதி கடலில் நுழைவதற்கான விலை. இன்னொரு பகுதி அந்த நாட்டு மீன்துறைக்கு என்று ஒதுக்கியது, இறங்குதளம், ரோந்து, ஆய்வகம் இவற்றுக்குச் செலவழிக்க. அதாவது ஸ்பெயின், பிரான்ஸ் கப்பல்காரரின் செலவில் ஒரு பங்கை ஐரோப்பாவில் வரி கட்டுபவர் ஏற்கிறார். எனக்கு இதில் உறுத்துவது இந்த இடம்தான்.

தொகை கடலுக்குக் கடல் மாறும். மொரித்தானியாவுக்கு 2021 உடன்பாட்டின்படி ஆண்டுக்கு 5.75 கோடி யூரோ, மீன்துறை உதவி தனி. செனகலுக்கு 2019 உடன்பாட்டில் ஆண்டுக்கு 17 லட்சம் யூரோ மட்டும். மொரித்தானியாவில் இறால், கரையோரச் சிறுமீன் என்று பல வகைகள் பேரத்தில் உண்டு. செனகல் கொடுத்தது ஆண்டுக்கு 10,000 டன் சூரையும் 1,750 டன் கருப்பு ஹேக் மீனும்தான். ஆனால் மீனின் அளவு மட்டுமே விலையைத் தீர்மானிப்பதில்லை. பேரம் பேச உட்காரும்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. அடுத்த இரண்டு பதில்களும் அதைப் பற்றியவை.

6. பசிபிக் தீவுகள் நல்ல விலைக்கு விற்கின்றன என்கிறார்களே, அப்படி என்ன செய்துவிட்டார்கள்?

சேர்ந்து விற்றார்கள். 1982-இல் நவூரு உடன்பாடு என்று ஒன்று போட்டார்கள். மைக்ரோனேசியக் கூட்டாட்சி, கிரிபாட்டி, மார்ஷல் தீவுகள், நவூரு, பலாவ், பப்புவா நியூ கினி, சாலமன் தீவுகள், பின்னால் சேர்ந்த துவாலு ஆகிய எட்டு நாடுகள். டின்னில் அடைக்கும் வரிச்சூரையில் உலகச் சந்தைக்கு வருவதில் சுமார் பாதி இவர்கள் கடலில் பிடிபடுவது. ஆனாலும் நெடுங்காலம் கப்பல்காரர்கள் ஒவ்வொரு தீவாகப் போய்த் தனித்தனியாகப் பேரம் பேசி, மீனின் விலையில் ஐந்தாறு சதவீதத்தைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். நீ அதிகம் கேட்டால் பக்கத்துத் தீவுக்குப் போய்விடுவேன் என்ற ஒரே மிரட்டல் போதுமானதாக இருந்தது.

2007-இன் கடைசியில் கப்பல்நாள் திட்டம் வந்தது. நம் ஊர்க் குளங்களில் மீன்பாசி ஏலம் விடுவதைப் போல, மீனை விற்காமல் பிடிக்கும் உரிமையை நாள் கணக்கில் விற்பது. ஆண்டுக்கு மொத்தம் சுமார் 45,000 நாட்கள் என்று கூட்டாக ஒரு வரம்பு வைத்து நாடுகளுக்குள் பிரித்துக்கொள்கிறார்கள். கப்பலின் நீளம் 50 மீட்டருக்குக் கீழே இருந்தால் ஒரு நாள் அரை நாளாகக் கழியும். 80 மீட்டரைத் தாண்டினால் ஒன்றரை நாளாகக் கழியும். செயற்கைக்கோள் கருவி கப்பல் எங்கே நிற்கிறது என்று காட்டிக்கொண்டே இருக்கும். இயந்திரம் பழுது, இன்று வலை போடவில்லை என்று நாளைத் திரும்பக் கேட்கும் கப்பல்களோடு அதிகாரிகளுக்கு வாக்குவாதம் ஓயாது. ஒரு நாளுக்கான குறைந்தபட்ச விலை 5,000 டாலரில் இருந்து 2014-இல் 6,000, 2015-இல் 8,000 என்று ஏறியது. ஏலத்தில் 10,000 தாண்டி விற்றதும் உண்டு. 2010 வாக்கில் எட்டு நாடுகளுக்கும் சேர்த்து சுமார் 6 கோடி டாலராக இருந்த வருமானம் சில ஆண்டுகளிலேயே 50 கோடி டாலரை நெருங்கியது.

காசு மட்டுமில்லை. எங்கள் உரிமம் வேண்டுமென்றால் எங்கள் கடல்களுக்கு நடுவே கிடக்கும் இரண்டு பொதுக்கடல் துண்டுகளில் வலை போடக் கூடாது, ஒவ்வொரு சுருக்குமடிக் கப்பலிலும் ஒரு கண்காணிப்பாளர் இருக்க வேண்டும், மீனைக் கைமாற்றுவது துறைமுகத்தில்தான் என்று நிபந்தனைகளும் வைத்தார்கள். மார்ஷல் தீவுகளின் மஜுரோ காயலில் சுருக்குமடிக் கப்பல்கள் வரிசையாக நின்று உறைந்த சூரையைச் சரக்குக் கப்பல்களுக்கு மாற்றுவது இதனால்தான். கண்காணிப்பாளர் வேலை ஆபத்தானது. கடலில் காணாமல் போனவர்களும் உண்டு.

7. மீன்பிடிக் கட்டணத்தை அமெரிக்க அரசே கட்டுகிறதாமே? அவர்களுக்கு எதற்கு இந்த வேலை?

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 200 மைல் கணக்கு சூரைக்குச் செல்லாது, அது நிலையாக நிற்காமல் ஓடும் மீன் என்பது அமெரிக்காவின் பழைய வாதம். கடல் சட்ட ஒப்பந்தத்தில் அது இன்றுவரை சேரவும் இல்லை. 1984-இல் 'ஜெனட் டயானா' என்ற அமெரிக்கச் சூரைக் கப்பல் உரிமம் இல்லாமல் தன் கடலில் மீன் பிடித்ததாக சாலமன் தீவுகள் அதைப் பிடித்து வைத்தது. பதிலுக்கு அமெரிக்கா சாலமன் தீவுகளின் மீனை வாங்குவதற்குத் தடை போட்டது. குட்டித் தீவு, அதன் முக்கிய ஏற்றுமதிகளில் ஒன்றுக்குப் பூட்டு.

1985-இல் கிரிபாட்டி சோவியத் யூனியனோடு ஓராண்டு மீன்பிடி ஒப்பந்தம் போட்டது. தொகை 15 லட்சம் டாலர் அளவில்தான். சோவியத் கப்பல்கள் கரையில் இறங்கக்கூட அனுமதி இல்லை. ஆனாலும் வாஷிங்டனில் மணி அடித்தது. 1987 ஏப்ரலில் போர்ட் மோர்ஸ்பியில் பசிபிக் தீவுகளோடு அமெரிக்கா சூரை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு 6 கோடி டாலர். அதில் பெரும்பகுதி கப்பல்காரர் காசு அல்ல, அமெரிக்க அரசின் பொருளாதார உதவி. அந்தப் பணத்தில் மீனுக்கு எவ்வளவு, சோவியத்தை வெளியே நிறுத்த எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க முடியாது.

இப்போது அந்த இடத்தில் சீனா. கப்பல்நாள் விலை ஏறியதும், ஒத்துக்கொண்ட நாட்களுக்கே அமெரிக்கக் கப்பல்காரர்களால் காசு கட்ட முடியாமல் போக, 2016 தொடக்கத்தில் ஒப்பந்தத்தை விட்டு விலகுவதாக அமெரிக்கா அறிவித்தது. அதே ஆண்டின் இறுதிக்குள் திருத்திய உடன்பாட்டோடு திரும்பி வந்தது. 2022-இல் பசிபிக் தலைவர்களை வாஷிங்டனுக்கு அழைத்து, பத்து ஆண்டுகளில் 60 கோடி டாலர் தருவோம் என்றது. இத்தனைக்கும் அங்கே மீன் பிடிக்கும் அமெரிக்கக் கப்பல்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது.

8. ஐரோப்பாக்காரன் கொள்ளையடிக்கிறான் என்கிறார்கள், இல்லை சீனாக்காரன்தான் என்கிறார்கள். யார்தான் கொள்ளைக்காரன்?

ஐரோப்பிய ஒப்பந்தங்களை எவரும் படிக்கலாம். எத்தனை கப்பல், எத்தனை டன், எவ்வளவு யூரோ எல்லாம் வெளியே இருக்கிறது. ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டும், தராமலும் இருந்திருக்கிறது. 2011 டிசம்பரில் மொராக்கோ உடன்பாட்டை நீட்டிக்க மாட்டோம் என்று வாக்களித்ததும், மொராக்கோ ஐரோப்பியக் கப்பல்களை உடனே வெளியேறச் சொன்னது. ஒப்பந்தம் உள்ள நாட்டில் ஐரோப்பியக் கப்பல் தனியாகப் போய் உரிமம் வாங்கக் கூடாது என்ற விதியும் உண்டு. சீன நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் வெளியே வருவதில்லை. மொரித்தானியா 2011-இல் ஒரு சீன நிறுவனத்துக்கு 25 ஆண்டுகளுக்கு அனுமதி தந்தபோது உள்நாட்டிலேயே பெரிய எதிர்ப்பு கிளம்பியது.

எல்லாவற்றையும் எழுதி வைத்திருப்பதால் மட்டும் ஐரோப்பாவை நல்லவர் பட்டியலில் சேர்க்க வேண்டாம். மலிவாக வாங்கினேன் என்று பகிரங்கமாக எழுதி வைத்தாலும் மலிவு மலிவுதான். மறைப்பதில் கரை நாட்டு அரசுகளுக்கும் பங்கு உண்டு. உரிமம் யாருக்குப் போனது என்று வெளியே தெரியாதவரை அமைச்சரகத்தில் அது பணம் காய்க்கும் மரம். நமீபியாவில் 2019-இல் கசிந்த ஆவணங்களுக்குப் பிறகு மீன்பிடி ஒதுக்கீட்டு ஊழல் வழக்கில் இரண்டு அமைச்சர்கள் பதவி விலகிக் கைதானார்கள்.

9. செனகல் 2024-இல் ஐரோப்பியக் கப்பல்களைத் துரத்திவிட்டது என்று படித்தேன். உண்மையா?

பாதி உண்மை. 2024 ஏப்ரலில் பதவியேற்ற அதிபர் பஸ்ஸிரு ஜொமாய் ஃபாய் மீன்பிடி ஒப்பந்தங்களை மறு ஆய்வு செய்வோம் என்று சொல்லித்தான் தேர்தலில் நின்றார். மே மாதத்தில் உரிமம் பெற்ற கப்பல்களின் பட்டியலை அரசு வெளியிட்டது. நல்ல காரியம். ஆனால் அதே மே மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் செனகலுக்கு 'மஞ்சள் அட்டை' காட்டியது. சட்டவிரோத மீன்பிடியைத் தடுக்கும் ஏற்பாடு போதாது என்ற எச்சரிக்கை அது. திருந்தாவிட்டால் சிவப்பு அட்டை, அதாவது மீன் இறக்குமதிக்குத் தடை. அதைக் காரணம் காட்டி உடன்பாட்டைப் புதுப்பிக்கவில்லை என்று அறிவித்தது ஐரோப்பிய ஒன்றியம்தான். நவம்பர் 17-இல் அது காலாவதியானது.

இங்கே ஒரு விஷயம் அடிபட்டுப் போகிறது. செனகல் ஏழைகளின் தட்டில் இருப்பது யாபோய் என்று அங்கே சொல்லும் சர்டினெல்லா. 5-ஆம் பதிலில் சொன்னபடி ஐரோப்பிய உடன்பாட்டில் அந்த மீனே கிடையாது. அது குறைவதற்கு மீன்மாவு ஆலைகள், உள்ளூர்க் கொடியில் ஓடும் வெளிநாட்டுக் கப்பல்கள், செனகலிலேயே பெருகிய படகுகள் என்று காரணங்கள் பல. மொரித்தானியா, செனகல், காம்பியா கரைகளில் முளைத்த ஆலைகள் அந்த மீனை அரைத்து, வெளிநாட்டு மீன் பண்ணைகளுக்குத் தீவனமாக அனுப்புகின்றன. மீன் இல்லாத படகில் இளைஞர்கள் கேனரி தீவுகளுக்குக் கிளம்புகிறார்கள். ஒப்பந்தத்தைக் கிழித்தால் யாபோய் திரும்பி வந்துவிடும் என்று நம்பியவர்கள் ஏமாந்திருப்பார்கள்.

10. உள்ளூர்க் கொடி போட்ட கப்பல் என்றால் உள்ளூர்க்காரன் கப்பல்தானே?

காகிதத்தில் அப்படித்தான். கானாவில் இழுவலைக் கப்பலில் வெளிநாட்டவருக்குப் பங்கு இருக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஆனால் ஓடும் கப்பல்களில் பெரும்பாலானவை சீன முதலாளிகளின் கட்டுப்பாட்டில் உள்ளன என்று பல விசாரணைகள் காட்டியிருக்கின்றன. உள்ளூர் நிறுவனம் பெயரை மட்டும் கொடுக்கும், கப்பல் 'தவணைக் கொள்முதல்' என்று கணக்கில் இருக்கும். பிடித்த சிறுமீன்களைப் பனிக்கட்டிப் பாளமாக்கிக் கடலிலேயே சிறு படகுகளுக்கு விற்கும் 'சைக்கோ' வியாபாரமும் இதோடு சேர்ந்தது. உள்ளூர் மீனவர் பிடிக்க வேண்டிய மீனைப் பிடித்து, உள்ளூர் மீனவருக்கே விற்பது.

ஒப்பந்தம் போட்டால் கப்பல் எண்ணிக்கை, கட்டணம், கண்காணிப்பு எல்லாம் வேண்டும். கொடி மாற்றினால் உள்ளூர்க் கப்பலுக்கான விதிகளே போதும். அதனால் ஒப்பந்தத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு கடலில் யார் பிடிக்கிறார்கள் என்று கணக்குப் போடாதீர்கள்.

11. விதி மீறின வெளிநாட்டுக் கப்பலைப் பிடித்தால் மாலுமிகளை ஜெயிலில் போடலாமா?

பிரத்யேகப் பொருளாதார மண்டலத்தில் என்றால், பொதுவாக முடியாது. கடல் சட்ட ஒப்பந்தத்தின் 73-ஆம் பிரிவின்படி, இரு நாடுகளும் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாதவரை மீன்பிடிக் குற்றத்துக்குச் சிறைத் தண்டனை கிடையாது. நியாயமான பிணைத்தொகை கட்டினால் கப்பலையும் ஆட்களையும் சீக்கிரம் விட வேண்டும். விடாவிட்டால் ஹாம்பர்க்கில் உள்ள கடல் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

இதைச் சொன்னதும் ராமேஸ்வரம் பக்கத்தில் இருந்து ஒரு கை உயரும்: அப்புறம் எங்கள் ஆட்களை மட்டும் ஏன் சிறையில் வைக்கிறார்கள்? பாக் நீரிணை குறுகியது. அங்கே எல்லைக்கு அப்பால் இருப்பதைத் தன் வரலாற்று நீர்ப்பரப்பு, சொந்தக் கடல் என்கிறது இலங்கை. 73-ஆம் பிரிவு பேசுவதோ அதற்கு வெளியே உள்ள மண்டலத்தை. அதனால் அந்தப் பிரிவு அங்கே கைகொடுக்காது.

12. அப்படியென்றால் இந்தியாவும் இலங்கையும் ஓர் உரிம ஒப்பந்தம் போட்டுவிட்டால் தீர்ந்ததே?

ஒருமுறை போட்டிருக்கிறார்கள், ஆனால் திசை வேறு. 1976-இல் கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வெட்ஜ் பேங்க் மீன்பிடிப் பரப்பு இந்தியாவின் மண்டலம் என்று முடிவானபோது, அங்கே பிடித்து வந்த இலங்கைக் கப்பல்களுக்கு மூன்று ஆண்டுகள் உரிமம் கொடுத்தார்கள். அதிகபட்சம் ஆறு கப்பல், ஆண்டுக்கு 2,000 டன், கட்டணம் உண்டு. மூன்று ஆண்டுகளோடு சரி. அதே 1976 கடிதங்களில்தான் ஒரு நாட்டு மீனவர் மறு நாட்டுக் கடலில் அனுமதியின்றிப் பிடிக்கக் கூடாது என்றும் எழுதினார்கள். 1974 கச்சத்தீவு உடன்பாடு எல்லையைப் பற்றியது. அதை மீன்பிடி உரிம ஒப்பந்தம் என்று படிக்க முடியாது.

வெளியில் ஓர் உதாரணம்: செனகலின் செயின்ட் லூயி ஊர் மீனவர்கள் எல்லை தாண்டி மொரித்தானியாவில் பிடிப்பார்கள். 2018 தொடக்கத்தில் மொரித்தானியக் கடலோரக் காவல் படை சுட்டு ஒருவர் இறந்தார், ஊரே கொந்தளித்தது. அதே ஆண்டு ஜூலையில் 400 படகுகளுக்கு உரிமம், 50,000 டன் வரை என்று இரு நாடுகளும் கையெழுத்திட்டன. இப்படி ஒன்று இங்கே நடக்க முதல் முட்டுக்கட்டை எல்லைக் கோடு அல்ல, கடலடியை வாரும் இழுவை மடி, அதாவது இழுவலை. இலங்கை 2017-இல் அதைச் சட்டப்படி தடை செய்துவிட்டது. போருக்குப் பின் கடலுக்குத் திரும்பிய யாழ்ப்பாணம், மன்னார் தமிழ் மீனவர்களின் வலைகள்தான் அந்த மடியில் சிக்கி அறுகின்றன. இழுவை மடியை விட மாட்டோம், ஆனால் உரிமம் கொடு என்று கேட்டால் கொழும்புக்கு முன்பே யாழ்ப்பாணக் கரையின் பருத்தித்துறை மறுத்துவிடும். 3-ஆம் பதிலில் சொன்ன மிச்சக் கணக்கும் சேர்ந்துகொள்ளும். அங்கே மிச்சம் இருக்கிறது என்று எவரும் காட்டியதில்லை.

13. இந்தியா வெளிநாட்டுக் கப்பல்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறதா?

கொடுத்திருக்கிறது. குத்தகைக் கப்பல் முறை முன்பே இருந்தது. 1991-இல் வந்த ஆழ்கடல் மீன்பிடிக் கொள்கை கூட்டு நிறுவனங்களுக்குக் கதவைத் திறந்தது. மீனவர் அமைப்புகள் நாடு முழுக்க வேலைநிறுத்தம் செய்தன, பாதிரியார் தாமஸ் கோச்சேரி உண்ணாவிரதம் இருந்தார். அரசு முராரி குழுவை அமைத்தது. உரிமங்களை ரத்து செய்யச் சொல்லி 1996-இல் அது பரிந்துரைத்தது. மீனவர் போராட்டம் ஒரு தேசியக் கொள்கையைத் திருப்பிய அரிய சம்பவம் அது. ஆப்பிரிக்கக் கரையில் இப்படிப்பட்ட சங்கங்கள் இருந்தும் தலைநகரம் வரை குரல் எட்டாதது ஏன் என்று ஒப்பிட்டு யாராவது எழுத வேண்டும்.

14. மானியம் இல்லாவிட்டால் இந்தக் கப்பல்கள் இவ்வளவு தூரம் வருமா?

பல வராது. எண்ணெய்ச் செலவே விழுங்கிவிடும். 2018-இல் உலக நாடுகள் மீன்துறைக்குக் கொடுத்த மானியம் 3,500 கோடி டாலருக்கு மேல் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. உலக வர்த்தக அமைப்பு இருபது ஆண்டு இழுபறிக்குப் பின் 2022 ஜூனில் ஓர் உடன்பாட்டை எட்டியது, 2025 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. சட்டவிரோத மீன்பிடி, வளம் குன்றிய மீன், கட்டுப்பாடற்ற பொதுக்கடல் ஆகியவற்றுக்கான மானியத்தை அது தடுக்கிறது. கப்பல்களைப் பெருக்கும் மானியம் இன்னும் பேச்சுவார்த்தையில்தான். தூரக்கடல் நாடுகள் முதலில் நிறுத்தட்டும், எங்கள் சிறு மீனவருக்கு 25 ஆண்டு அவகாசம் வேண்டும் என்பது இந்தியாவின் நிலை. அரசு கட்டும் நுழைவுக் கட்டணமே (5-ஆம் பதில்) ஒரு மானியமா என்பது அந்தப் பேச்சுவார்த்தையில் உள்ள கூர்மையான முள்.

15. தனக்குச் சொந்தமில்லாத கடலுக்கு ஒரு நாடு உரிமம் விற்க முடியுமா?

மேற்கு சஹாரா விவகாரத்தைக் கேட்கிறீர்கள். மொராக்கோ தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் அந்தப் பகுதியின் கடலில்தான் ஐரோப்பியக் கப்பல்கள் பிடித்ததில் மிகப் பெரும்பகுதி. 2019 உடன்பாட்டில் நான்கு ஆண்டுகளுக்கு சுமார் 20.8 கோடி யூரோ. அந்தப் பகுதி மக்களான சஹ்ராவிகளின் விடுதலை இயக்கம் பொலிசாரியோ முன்னணி, லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்குப் போனது. 2021-இல் கீழ் நீதிமன்றம் உடன்பாட்டை ரத்து செய்தது. 2024 அக்டோபர் 4-இல் மேல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த மக்களின் சம்மதம் பெறப்படவில்லை, அங்கே குடியிருப்பவர்களிடம் கலந்து பேசியதைச் சம்மதம் என்று சொல்ல முடியாது என்றார்கள்.

நடைமுறையில் என்ன ஆனது? உடன்பாட்டின் காலம் 2023 ஜூலையிலேயே முடிந்து கப்பல்கள் வெளியேறியிருந்தன. ஆனால் தீர்ப்பு கட்டுப்படுத்துவது ஐரோப்பிய ஒன்றியத்தை மட்டும். ரஷ்யாவும் மொராக்கோவோடு மீன்பிடி ஒப்பந்தம் வைத்திருந்த நாடுதான். லக்சம்பர்க் நீதிமன்றத்தின் சொல் மாஸ்கோவுக்கு எட்டாது.

16. கடல் சூடாகிறதே, மீன் வேறு இடத்துக்குப் போய்விட்டால் ஒப்பந்தம் என்ன ஆகும்?

சூரை வெதுவெதுப்பான நீரோடு நகரும் மீன். பசிபிக்கின் சூடான நீர் கிழக்கே பரவும் எல் நினோ ஆண்டில் அது கிழக்கே நகரும், கிரிபாட்டிக்கு வருமானம் கூடும். லா நினா ஆண்டில் மேற்கே, பப்புவா நியூ கினி பக்கம். கப்பல்நாட்களைத் தங்களுக்குள் விற்று வாங்கி இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கிறார்கள். ஆனால் கடல் நிரந்தரமாகச் சூடானால் மீன் கிழக்கே நகர்ந்து, தீவுகளின் மண்டலத்தைத் தாண்டிப் பொதுக்கடலுக்குப் போகும். கரியுமிழ்வு இப்படியே உயர்ந்தால் 2050-க்குள் பத்துத் தீவு நாடுகளின் கடலில் சுருக்குமடிப் பிடிப்பு சராசரியாக 20 சதவீதம் குறையும் என்று 2021-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது.

பொதுக்கடலில் அதே கப்பல் அதே சூரையைப் பிடித்தால் கிரிபாட்டிக்கு ஒரு டாலர்கூடத் தர வேண்டியதில்லை. கரியை உமிழ்ந்தது நாங்கள் இல்லை, மீன் நகர்ந்தாலும் எங்கள் பங்கு எங்களுக்கு வேண்டும் என்று தீவுகள் கேட்கத் தொடங்கியிருக்கின்றன. கடல் சட்ட ஒப்பந்தம் எழுதிய காலத்தில் யாரும் யோசிக்காத கோரிக்கை இது. அதற்கு இடம் தரும் பிரிவு எதுவும் அதில் இல்லை. மேற்கு, மத்திய பசிபிக்கில் பொதுக்கடல் பிடிப்புக்கு வரம்பு வைக்கும் ஆணையத்தில் தீவுகள் இருக்கும் அதே மேசையில் ஜப்பான், சீனா, கொரியா, அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியமும் உட்கார்ந்திருக்கின்றன. அங்கே முடிவெடுப்பது பெரும்பாலும் ஒருமனதாக.